செல்ப் பேக்கிங் ஜன்னல்

அறிவுச்செல்வனை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொன்னமராவதி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் போகிற தெருவில், அவனுடைய ஆபீசுக்கு நேர் எதிரே என் பிளக்ஸ் கடை இருக்கிறது. காதுகுத்து, கல்யாணம், கட்சிக்கூட்டம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடிக்கிறேன். ஊரில் யாருடைய இடுப்பு எவ்வளவு என்று தையல்காரருக்குத் தெரிகிற மாதிரி, யாருடைய தற்பெருமை எவ்வளவு என்று எனக்குத் தெரியும். இத்தனை வருடத்தில் இவனை மிஞ்சிய ஆளை நான் பார்த்ததில்லை.

அவன் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் கிடக்கிற பித்தளைக் குடம், எனாமல் பாத்திரம், சுவர்க்கடிகாரம், பூட்டு, அஞ்சறைப் பெட்டி எல்லாம் இப்போது இணையத்தில் ஏலத்துக்குப் போகின்றன. போட்டோ எடுத்துப் போட்டால் எங்கோ ஒரு தேசத்தில் உட்கார்ந்திருக்கிற வெள்ளைக்காரர் செல்போனிலேயே விலை ஏற்றி எடுத்துக்கொள்கிறார். எடுத்தாயிற்று, பொருள் உடையாமல் நசுங்காமல் அவர் வீட்டு வாசலுக்குப் போக வேண்டுமே? அதற்குத்தான் அறிவுச்செல்வன். பெட்டியில் கட்டுவது, எடை போடுவது, சுங்கத்துக்கு வேண்டிய காகிதங்களை எழுதுவது, திருச்சி விமான நிலையத்துக்கு வண்டி ஏற்றுவது. சுருக்கமாகச் சொன்னால் அட்டைப்பெட்டியும் டேப்பும். அதை அவன் சொல்ல வேண்டும், நாம் கேட்க வேண்டும். "இன்டர்நேஷனல் லாஜிஸ்டிக்ஸ்" என்பான்.

பிறந்தது அன்னவாசலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா பழனிச்சாமி அந்தக் காலத்து மேடைப் பேச்சாளர். சமத்துவம், சகோதரத்துவம் என்று மைக் சூடாகும்வரை பேசுவார். பேசிவிட்டு வீட்டுக்கு வந்தால் வயலில் வேலை செய்கிறவர்கள் மாட்டுக் கொட்டகையைத் தாண்டி வரக்கூடாது. மகனுக்கு நல்ல தமிழ்ப் பெயராகப் பார்த்து வைத்தார். கொள்கையில் அவர் நிறைவேற்றியது அது ஒன்றுதான் என்று அந்த ஊர்க்காரர்களே சிரிப்பார்கள்.

மகன் பொறியியல் சேர்ந்து பாதியில் நின்றான். பிறகு சிங்கப்பூர் போனான். அங்கே ஒரு கிடங்கில் தள்ளுவண்டி தள்ளினான், பெட்டி கட்டினான். அதில் கேவலம் ஒன்றுமில்லை. உழைத்துச் சம்பாதித்த பணத்தில் தங்கை கல்யாணத்தை முடித்தான், அதுவும் உண்மை. ஆனால் திரும்பி வந்து இறங்கியவன் தள்ளுவண்டி தள்ளினவன் இல்லை, மேனேஜர். எதற்கெடுத்தாலும் "சிங்கப்பூர்ல" என்றுதான் பேச்சைத் தொடங்குவான். டீக்கடையில் சர்க்கரை குறைந்தால்கூட அந்த ஊர்ச் சர்க்கரையைப் பற்றி ஒரு வகுப்பு நடக்கும்.

அந்தச் சிங்கப்பூரில் அவன் தங்கியிருந்தது அடுக்குக் கட்டில் போட்ட விடுதி. எல்லா ஊர் ஆட்களும் ஒரே அறையில் படுத்து, ஒரே குழாயில் குளித்து, ஒரே சட்டியில் ஆக்கித் தின்றிருக்கிறார்கள். மேல் கட்டிலில் படுத்தவன் என்ன சாதி என்று அங்கே இவன் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டிருந்தால் கட்டில் கிடைத்திருக்காது. விமானம் திருச்சியில் இறங்கியதும் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

தொழிலில் மட்டும் அவனைக் குறை சொல்ல முடியாது. கண்ணாடி விளக்கைக்கூட விரிசல் விழாமல் அனுப்பியிருக்கிறான். ஒரு பெட்டியைக் கட்டி முடித்ததும் காதோரம் தூக்கிப் பிடித்து மெல்லக் குலுக்குவான். உள்ளே துளிச் சத்தம் வந்தாலும் டேப்பைக் கிழித்துத் திரும்ப முதலிலிருந்து கட்டுவான். வெறும் பாத்திரம் ஆடுகிற ஆட்டமா, உள்ளே வேறு ஏதாவது கிடக்கிறதா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான். வேலை தெரிந்தவன்தான். அந்த எரிச்சல்தான் எனக்கு அதிகம். வேலை தெரியாதவனாக இருந்திருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன்.

ஆபீஸ் திறந்து சில மாதம் ஆகியிருக்கும். ஒரு நாள் என் கடைக்கு வந்து புதிதாக ஒரு சின்ன பிளக்ஸ் வேண்டும் என்றான். "செல்ப் பேக்கிங் கவுண்டர். உங்கள் பொருள், உங்கள் கையால்." இதுதான் வாசகம். ஓரத்தில் ஒரு பெட்டிப் படமும் ஒரு புன்னகைக்கிற குழந்தைப் படமும் போடச் சொன்னான். குழந்தை எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இது என்ன தம்பி புதுசா இருக்கே என்று கேட்டேன். சிங்கப்பூர்க் கடைகளில் சனங்கள் தாங்களே பில் போட்டுக்கொள்வார்கள், அதே முறை என்றான். ஆபீசின் பக்கவாட்டில், சாக்கடை ஓடுகிற சந்துப் பக்கம் ஒரு ஜன்னல் உண்டு. அதன் கம்பியை அறுத்து அகலப்படுத்தி, வெளியே ஒரு தகர மேசை போட்டு, மேலே என் பிளக்ஸை மாட்டினான். காலிப் பெட்டிகளும் பழைய செய்தித்தாளும் மேசைக்கு அடியில் கிடக்கும்.

அந்த ஜன்னல் யாருக்கு என்று எனக்குப் புரிய அதிக நாள் ஆகவில்லை. பொருளைத் தூக்கிக்கொண்டு யாராவது முன்வாசலில் ஏறினால், வாங்க வாங்க என்று எழுந்து நிற்பான். எந்த ஊர் என்று கேட்பான். ஊர்ப் பெயரைச் சொன்னதும் அந்த ஊரில் தனக்குத் தெரிந்த ரெண்டு பேரை விசாரிப்பான். பிறகு சாதாரணமாக, ஊரில் எந்தப் பக்கம் என்பான். கோயில் பக்கம், கடைவீதிப் பக்கம் என்றால் நாற்காலி, மின்விசிறி, வீட்டிலிருந்து காபி. காலனி என்றாலோ, காலனி இருக்கிற திசையைச் சொன்னாலோ, முகத்தில் ஒரு சுருக்கமும் காட்டாமல், "செல்ப் பேக்கிங் அங்கிட்டு இருக்குங்க, அங்கிட்டு போயிருங்க" என்பான். மரியாதையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு 'ங்க' உண்டு.

அங்கிட்டுப் போனவர்கள் தங்கள் பாத்திரத்தைத் தாங்களே பெட்டிக்குள் வைத்து, தாங்களே காகிதம் திணித்து, தாங்களே மூட வேண்டும். மூடிய பிறகு இவன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, வெளியே டேப் ஒட்டி, சீட்டு ஒட்டுவான். அவர்கள் சாப்பிட்ட, தண்ணீர் குடித்த பாத்திரத்தில் இவன் கை படக்கூடாது. அவ்வளவுதான் விஷயம். அட்டைப்பெட்டிக்குத் தீட்டு இல்லை போலிருக்கிறது. அதைவிட வேடிக்கை, நார்த்தாமலையிலிருந்து வந்த ஒரு வாத்தியார் பிளக்ஸைப் படித்துவிட்டு, நானே கட்டிக்கொள்கிறேன், கூலி குறையும் இல்லையா என்று சந்துப் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டார். இவன் ஓடிப்போய் மறித்து, "அது ஒங்களுக்கு இல்லீங்க சார்" என்று கையைப் பிடித்துத் திரும்பக் கூட்டிவந்தான். ஏன் எனக்கு இல்லை என்று அவர் கேட்டார். இவன் காபி வரவழைத்தான்.

சாதி பார்க்கிறவர்கள் எங்கள் பக்கம் இவன் ஒருவன்தானா என்றால் இல்லை. ஆனால் அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைத்து, படம் போட்டு, பிளக்ஸ் அடித்து மாட்டியவன் இவன் ஒருவன்தான். அருவருப்பை வசதி மாதிரி காட்டுகிற அந்தச் சாமர்த்தியத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வாயில் எச்சில் ஊறும், துப்புவதற்கு.

அந்த ஜன்னலுக்கு வருகிறவர்களிலேயே முக்கியமானவள் வைஷ்ணவி. கண்மாய்க்கு அந்தப் பக்கம் காலனியில் வீடு. பட்டப்படிப்பு முடித்துவிட்டு அரசுத் தேர்வுகளுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். இடையில் பழைய இரும்புக் கடைகளுக்குப் போய், உருக்கப் போகிற குவியலில் கிளறி, நல்ல சாமானாகப் பார்த்து எடுத்து வருவாள். வெள்ளை வேட்டியை விரித்து அதன்மேல் வைத்து போட்டோ எடுத்து, ஆங்கிலத்தில் விவரம் எழுதி ஏலத்தில் போடுவாள். நான்கூட அவள் போட்ட படங்களைப் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் கோழிக்குத் தண்ணீர் வைக்கிற கிண்ணம் மாதிரி ஒன்று அதில் ராஜா வீட்டுச் சாமான் கணக்காக நின்றது. சரியாகச் சொன்னால் அறிவுச்செல்வனுக்கு அவள்தான் பெரிய வாடிக்கையாளர். முன்வாசலில் காபி குடித்துவிட்டுப் போனவர்கள் எல்லாரும் சேர்ந்து அனுப்பியதைவிட அவள் சந்தில் நின்று அனுப்பியது அதிகம்.

ஒருமுறை விசிட்டிங் கார்டு அடிக்க என் கடைக்கு வந்தபோது, இவன்கிட்ட எதுக்கும்மா வாரே என்று கேட்டேவிட்டேன். வெளிநாட்டுக் காகித வேலை தெரிந்த வேறு ஆள் திருச்சி போனால்தான் உண்டு என்றாள். பிறகு எழுத்துப் பிழை பார்த்துக்கொண்டே, "எனக்குத் தெரியும்ணே. அந்த ஜன்னல் எதுக்குன்னு எங்க தெருவுல சின்னப் புள்ளைக்கும் தெரியும்" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. எனக்குத்தான் காது சுட்டது.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் சென்னையிலிருக்கிற அந்த ஏலக் கம்பெனி, மாவட்டத்துக்கு ஒரு ஆபீசை அங்கீகரிக்கப் போவதாக அறிவித்தது. அங்கீகாரம் யாருக்கோ, மாவட்டத்தில் ஏலம் போகிற அத்தனை பொருளும் அவர் கையால்தான் போகும். அறிவுச்செல்வனுக்குத் தூக்கம் போனது. நடக்கும்போது அங்கீகாரம், உட்காரும்போது அங்கீகாரம். புதுக்கோட்டையில் ஒரு கிளை, அறந்தாங்கியில் ஒரு கிளை என்று டீக்கடையில் கட்டடமே கட்டிவிட்டான். கம்பெனி ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தது. போகிற ஒவ்வொரு பொருளையும் ஆபீஸ்காரர் தன் கையால் திறந்து, உள்ளும் புறமும் தடவிப் பார்த்துச் சான்று கொடுக்க வேண்டும். இவனும் ஒவ்வொன்றுக்கும் பார்த்தேன் பார்த்தேன் என்று சான்று கொடுத்துக்கொண்டிருந்தான். ஜன்னல் பெட்டிகளுக்கும் சேர்த்துத்தான்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். வீட்டிலிருந்து ஒரு ஏனத்தை வெறுமனே வெளியே அனுப்ப மாட்டோம். பக்கத்து வீட்டுக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் ஒரு பிடி அரிசியோ, ரெண்டு வெல்லக்கட்டியோ போட்டுத்தான் கொடுப்போம். காலனியானாலும் கடைவீதியானாலும் இதில் வித்தியாசம் கிடையாது. அறிவுச்செல்வனின் முன்வாசலுக்கு வருகிற பாத்திரங்களிலும் அரிசி இருக்கும், சர்க்கரை இருக்கும். அவன் மூடியைத் திறந்து பார்த்து, "இதெல்லாம் பிளைட்ல ஏறாதுங்க அத்தை" என்று சிரித்துக்கொண்டே ஒரு காகிதத்தில் கொட்டி அவர்களிடமே கொடுத்துவிடுவான். சில நாடுகளில் ஒரு நெல்மணி உள்ளே போனாலும் குற்றம் என்பது அவனுக்கு மனப்பாடம். எல்லாம் தெரியும் அவனுக்கு.

ஆஸ்திரேலியாவில் ஒரு அம்மாள் வைஷ்ணவியிடம் ஒரு எனாமல் தூக்குவாளி எடுத்திருந்தாள். வெள்ளை நிறம், நீலப் பூப் போட்டது, இறுக்கமான மூடி. அனுப்ப வேண்டிய நாளில் வைஷ்ணவிக்குப் புதுக்கோட்டையில் தேர்வு. அதனால் அவள் அம்மா ராக்காயி கொண்டுவந்தாள். மகள் துடைத்து வைத்த தூக்குவாளியில், புறப்படும்போது ஒரு பிடி ரேஷன் அரிசியைப் போட்டு மூடியிருக்கிறாள். கடல் தாண்டிப் போகிற ஏனம், வெறுமனே போகலாமா? சந்தில் நின்று, தானே பெட்டியில் வைத்து, தானே மூடினாள். அறிவுச்செல்வன் ஜன்னல் வழியாக டேப் ஒட்டினான். காதோரம் தூக்கிக் குலுக்கவில்லை. அந்தப் பெட்டிகளை அவன் மார்போடு அணைத்துத் தூக்குவதே இல்லை. ஒரு குலுக்குக் குலுக்கியிருந்தால் தகரத்துக்குள் அரிசி உருளுகிற சத்தம் எனக்கே என் கடைவரை கேட்டிருக்கும்.

ஆஸ்திரேலியாவில் அதிகாரிகள் மூடியைத் திறந்தார்கள். அதற்குள் அரிசியில் வண்டும் விழுந்திருந்தது. பொருளை நிறுத்திவைத்து, வாங்கிய அம்மாளுக்குத் தாக்கீது அனுப்பிவிட்டார்கள். அந்த அம்மாள் கொதித்துப்போய் ஏலக் கம்பெனிக்கு எழுதினாள். கம்பெனி இவனிடம், பார்த்தேன் என்று சான்று கொடுத்தாயே, எப்படி என்று கேட்டது. நேரில் விசாரிக்க ஆள் வருவதாகவும், அதன் பிறகுதான் அங்கீகாரம் பற்றிப் பேச்சு என்றும் சொல்லிவிட்டது.

அன்று அவன் தெருவில் நின்று ஆடிய ஆட்டம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ராக்காயியை வரச்சொல்லி, சந்தில் நிறுத்தி, தெருவே பார்க்கப் பேசினான். ஒங்களுக்கெல்லாம் எதுக்கு ஏலம், எதுக்கு வெளிநாடு, புத்தி இருக்கா என்று கேட்டான். அன்று மட்டும் 'ங்க' ஒன்றுகூட வரவில்லை. ராக்காயி முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வெறும் ஏனத்த எப்பிடிங்கய்யா வாசல் தாண்ட விடுறது" என்று மட்டும் கேட்டாள். அதற்கு அவன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்காகவே அவனை ஒரு அறை விடலாம். அவனைப் பெற்ற தாயும் அதையேதான் செய்கிறாள், அவனும் அந்த அரிசியில்தான் வளர்ந்தான்.

விசாரிக்க வந்தது இசைவாணி என்கிற பெண். முப்பது வயதுக்குள் இருக்கும். பருத்திச் சேலை, தோளில் லேப்டாப் பை, அதிகம் பேசாத முகம். நான் அப்போது அந்த ஆபீசுக்குள்தான் இருந்தேன். அங்கீகாரம் கிடைத்ததும் மாட்டப் போகிற பெரிய போர்டுக்குச் சுவரை அளந்து வைக்கச் சொல்லி அவன்தான் கூப்பிட்டிருந்தான். விசாரணை நடக்கும்போதே போர்டுக்கு அளவெடுக்கிற ஆள் அவன். காபி வந்தது, முறுக்கு வந்தது, சிங்கப்பூர் வந்தது. இசைவாணி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு அந்தத் தூக்குவாளியைத் திறந்து பார்த்தீர்களா என்று கேட்டாள்.

பார்த்தேன் மேடம் என்றான். நான் பார்க்கும்போது காலியாக இருந்தது, அதற்கப்புறம் அந்தம்மா போட்டிருக்க வேண்டும், படிப்பறிவு இல்லாத சனம் என்றான். பெட்டியில் டேப் ஒட்டியது யார் என்று கேட்டாள். நான்தான் என்றான். நீங்கள் பார்த்து, நீங்களே டேப் ஒட்டிய பெட்டிக்குள் அவர்கள் எப்போது போட்டார்கள் என்று கேட்டாள். அறிவுச்செல்வன் முறுக்குத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினான்.

இசைவாணி முறுக்கைத் தொடவில்லை. நடந்தது நடந்ததாக இருக்கட்டும், இனிமேல் எப்படிச் சோதிப்பீர்கள் என்று ஒரு பொருளை வைத்துச் செய்து காட்டுங்கள், அது சரியாக இருந்தால் அங்கீகாரத்துக்கு எழுதிவிடுகிறேன் என்றாள். அவன் முகம் மலர்ந்தது. அவள் வைஷ்ணவியையும் விசாரிப்பதற்காக வரச்சொல்லியிருந்தாள். அந்தப் பெண் அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தாள். ஜெர்மனிக்கு விற்றிருந்த ஒரு செம்புக் குடத்தையும் கையோடு எடுத்துவந்திருந்தாள். வழக்கம்போல ஜன்னலில் வந்து நின்றாள். ஏன் அங்கே நிற்கிறீர்கள், உள்ளே வாருங்கள், இந்தக் குடத்தையே பார்த்துவிடலாம் என்று இசைவாணி கூப்பிட்டாள். "அது செல்ப் பேக்கிங் மேடம்" என்று இவன் ஆரம்பித்தான். அவள் அது காதில் விழாத மாதிரி நாற்காலியை நகர்த்தி இடம் விட்டாள்.

வைஷ்ணவி சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாக வந்தாள். அந்த ஆபீசுக்குள் அவள் கால் வைத்தது அன்றுதான். குடத்தை மேசைமேல் வைத்துவிட்டு ஓரமாக நின்றாள். பழைய குடம், குறுகிய கழுத்து, நன்றாகப் புளி போட்டு விளக்கிப் பளபளவென்று இருந்தது. உள்ளே ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் முழங்கை வரை கையை விட்டுத்தான் தடவ வேண்டும்.

அறிவுச்செல்வன் முதலில் செல்போன் விளக்கை அடித்து உள்ளே பார்த்தான். ஒண்ணுமில்ல மேடம், சுத்தமா இருக்கு என்றான். அடியில் பார்த்தீர்கள், கழுத்துக்கு உட்பக்கம் தெரியாதே என்றாள். ஒரு அளவுகோலை எடுத்து உள்ளே விட்டுக் கிண்டினான். கை என்று விதியில் இருக்கிறது சார் என்றாள். கிளவுஸ் வாங்கிவரச் சொல்லட்டுமா என்று கேட்டான். கிளவுஸ் போட்டால் மண்ணும் மாவும் விரலுக்குத் தெரியாது, அதனால்தான் வேண்டாம் என்கிறோம் என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. இந்த ஆள் எதற்கு இப்படிச் சுற்றுகிறான் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியும், வைஷ்ணவிக்குத் தெரியும். அளவெடுக்கிற நாடாவைப் பிடித்தபடி நான் நின்றேன். குடத்துக்கு இந்தப் பக்கம் அறந்தாங்கிக் கிளை, அந்தப் பக்கம் அவன் சாதி. எது கனக்கிறது பார்ப்போம் என்று எனக்கு ஒரு ஆசை.

கிளைதான் கனத்தது. சட்டைக் கையை மேலே சுருட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, முழங்கை வரை விட்டான். வேப்பெண்ணெய் குடிக்கிற பிள்ளையின் முகம். உள்ளே ஒரு சுற்றுத் தடவிவிட்டு வெடுக்கென்று எடுத்தான். "கிளீன் மேடம்" என்று சிரித்தான். இசைவாணி தலையசைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்து எழுத ஆரம்பித்தாள். இதே மாதிரி எல்லாவற்றையும் பார்த்தால் போதும் சார், நான் அனுப்பிவிடுகிறேன் என்றாள். அவ்வளவுதான், வேலை முடிந்தது. அங்கீகாரம் அவன் கைக்கு வந்துவிட்டது.

அந்தக் கையைத் தூக்கிக்கொண்டு அவன் நேரே பின்பக்கக் குழாய்க்குப் போனான். கொஞ்சம் பொறுத்திருக்கலாம். அவள் பஸ் ஏறும்வரை பொறுத்திருக்கலாம். பாவம், அவனால் முடியவில்லை. வேண்டுமென்று செய்ததாகவும் தோன்றவில்லை, உடம்பு தானாகவே போனது. குழாய் கதவுக்கு நேராகத்தான் இருந்தது. சோப்பை எடுத்து விரல் இடுக்கு, மணிக்கட்டு, முழங்கை என்று தேய்த்தான். கழுவினான். மறுபடி சோப்புப் போட்டான். தண்ணீர்ச் சத்தத்தில் இசைவாணி நிமிர்ந்து பார்த்துவிட்டு, என்னவோ என்று திரும்ப எழுதினாள்.

வைஷ்ணவி பார்த்துக்கொண்டே நின்றாள். அவன் கழுவி முடித்து, துண்டால் துடைத்துக்கொண்டு நகர்ந்ததும், மேசைமேல் இருந்த குடத்தை எடுத்தாள். அதே குழாய்க்குப் போனாள். அவன் வைத்த அதே சோப்பை எடுத்தாள். குடத்துக்குள் கையை விட்டு, உள்பக்கம் முழுக்க நுரை பொங்கத் தேய்த்தாள். அலசிக் கொட்டினாள். மறுபடி சோப்புப் போட்டாள். அவள் அவசரப்படவே இல்லை. கோயில் பாத்திரம் விளக்குகிற நிதானம். அறிவுச்செல்வன் துண்டும் கையுமாகப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

இசைவாணி எழுந்தே வந்துவிட்டாள். உள்ளே ஒன்றுமில்லை, சுத்தமாகத்தான் இருக்கிறது என்று சார் சொன்னாரே, எதற்குக் கழுவுகிறீர்கள் என்று கேட்டாள்.

வைஷ்ணவி குடத்தைக் கவிழ்த்துத் தண்ணீரை வடியவிட்டாள். "சுத்தமாத்தான் இருந்துச்சு மேடம்" என்றாள். "இப்ப இவரு கை உள்ள போயிருச்சுல்ல. கழுவாம அடுத்தவங்களுக்கு எப்பிடி அனுப்புறது?"

இசைவாணி அவன் ஈரக் கையைப் பார்த்தாள். சோப்பைப் பார்த்தாள். தலையைத் திருப்பிச் சந்துப் பக்க ஜன்னலையும் அதற்கு வெளியே இருந்த தகர மேசையையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அது வந்து மேடம், நம்ம பக்கம் ஒரு பழக்கம் என்று அவன் இழுத்தான். அவள் உள்ளே போய், எழுதிக்கொண்டிருந்ததை அழித்துவிட்டு லேப்டாப்பை மூடினாள். வைஷ்ணவி துப்பட்டாவால் குடத்தைத் துடைத்து இடுப்பில் வைத்துக்கொண்டு முன்வாசல் வழியாகவே இறங்கிப் போனாள். நான் நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டேன்.

அங்கீகாரம் அவனுக்கு வரவில்லை. வைஷ்ணவி இப்போது திருச்சிக்கே போய் அனுப்புகிறாள், அலைச்சல்தான், ஆனால் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து அனுப்புகிறாள். அங்கீகாரம் ஏன் போச்சு என்று யாராவது டீக்கடையில் கேட்டால் அறிவுச்செல்வன் நீட்டி முழக்கிச் சொல்வான். ஒரு பிடி அரிசியால் போச்சு, படிக்காத சனத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பான். தன் கையைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்ல மாட்டான். சொல்லி முடித்ததும் டீ கிளாஸை வைத்துவிட்டு, அந்தக் கையை வேட்டியில் ஒருமுறை துடைத்துக்கொள்வான்.